அரிவாள் எழுத்தின் மூன்றாவது முள்

மார்ச் 3

அக்காவுக்கு,

நான் நலம். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீ சிரிப்பாய், நான் வைத்துவிடுவேன். அதோடு, போனில் அனுப்பியது யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் சான்றிதழ்ப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே போன்ற வேலைகளுக்கு இங்கே ஓராண்டுப் படிப்பு. போன மாதம் ஒரு மருத்துவமனை, தன்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சான்றிதழை அனுப்பி, உண்மையா என்று கேட்டது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதத் தேதி போட்டிருக்கிறது. அந்த வருஷத்துப் பதிவேடு, மாடியில் தண்ணீர்த்தொட்டி ஒழுகியதில் ஒட்டிப்போய்விட்டது. அப்போதிருந்த முதல்வரும் இப்போது இல்லை. ஆகையால் எங்களிடமுள்ள மாதிரிச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தலைப்பு எழுத்து பொருந்தவில்லை.

அந்தத் தலைப்பு உன் எழுத்து, அக்கா. நீ தட்டைத் தூரிகையால் வரைந்தாயே, கம்பிவேலி மாதிரி தடித்த முள்ளெழுத்து, அதுதான். 'சர்ட்டிஃபிகேட்' என்ற இங்கிலீஷ் தலைப்பின் முதல் எழுத்தான 'சி'யின் முதுகில் மூன்று முள். வேறு யாரும் மூன்று வைப்பதில்லை. என் கல்யாணத்தில் நீ கொடுத்த அந்தச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதேதான்.

அந்த எழுத்து உன் கடைக் கம்ப்யூட்டரைத் தவிர உலகத்தில் எங்கும் இல்லை. மார்ச் 31-க்குள் நான் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். போலி என்று எழுதினால் அந்தப் பெண்ணின் வேலை போகும். 'எங்கே தயாரிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உன் கடையை எழுத வேண்டிவரும்.

விளையாட்டாகச் செய்து கொடுத்தாயா? யார் கேட்டார்கள்? உண்மையைச் சொல்.

தம்பி

*

மார்ச் 7

சாக்குப்போக்குச் சக்கரவர்த்தியான என் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. லேமினேட் செய்துவிட்டேன். இனி எந்தத் தொட்டி ஒழுகினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், ஒற்று எங்காவது விட்டுப்போனால் நீயே போட்டுக்கொள்.

நீ எழுதியிருக்கிறாய் என்றதும் உன் அத்தான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு வருஷம் கழிச்சு எழுதுறானா? என்ன வேணுமாம்?"

"என்னைத் திருடின்னு சொல்லணுமாம்."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கடுதாசி? ஒரு போன் போதுமே!"

முதலில் ஒன்று சொல். கல்யாணத்தில் நான் கொடுத்த சான்றிதழ் உன்னிடமா இருக்கிறது? "உலகின் தலைசிறந்த சாக்குப்போக்குச் சக்கரவர்த்தி" என்று சட்டம் போட்டுக் கொடுத்தேனே, உன் மாமனார் வீட்டார் சிரித்தார்கள் என்று மண்டபத்திலேயே முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதுவா? குப்பையில் போட்டிருப்பாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறாய்! சரி, சரி.

இப்போது என் எழுத்துக்கு வருவோம். முள்ளெழுத்தை நான் எங்கெங்கே போட்டிருக்கிறேன் என்று கேள். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் போட்டேன், எடை தூக்கும் பையன்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் சைக்கிள் டாங்கிக்கு ஸ்டிக்கராக வெட்டினேன். கத்திக் கத்திப் பாடுகிற குழு ஒன்றுக்குக் கறுப்புச் சட்டையில் அடித்தேன். நாய்க் கண்காட்சிக் கேடயம், முடிதிருத்தகத்துப் பலகை, எல்லாம் செய்தேன். பேக்கரிக்காரர் ஒருவர் பிடிவாதம் பிடித்துக் கேக் பெட்டிக்குக் கேட்டார். பெட்டியைப் பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். மறுவாரம் உருண்டை எழுத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்த எழுத்துக்கு இரண்டு மூன்று சொல்தான் தாங்கும், அதுவும் பெரிதாக நிற்க வேண்டும். அதற்குத் தக்க இடம் கொடுத்தால் ராஜா. தப்பான இடத்தில் வைத்தால் பேய்.

போலிச் சான்றிதழ் மட்டும் நான் செய்ததில்லை.

எனக்கு ஏ பி சி டி தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து நின்றால் கூட்டத்தில் முகம் தெரியாத மாதிரிதான். ஆனால் புத்தி இருக்கிறதே. போலி செய்கிறவன் அசலைப் பார்த்துத்தானே செய்வான்? உங்கள் அசலில் வேறு ஏதோ எழுத்து இருக்க, என் முள்ளெழுத்தைத் தேடி வந்து போட அவனுக்கு என்ன பைத்தியமா? உங்கள் அசலில் என்ன எழுத்து இருக்கிறது, தம்பி? அதை ஏன் நீ எழுதவில்லை?

அப்புறம், என் கம்ப்யூட்டரைத் தவிர எங்கும் இல்லை என்கிறாய். நான் சார்ட்டுத் தாளில் வரைந்ததை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றியது யார்? அன்றைக்கு உன் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கயிறு.

அக்கா

*

மார்ச் 11

அக்காவுக்கு,

கேள்வி கேட்பது நான். நீ பதில் சொல்லவில்லை, கதை சொல்லியிருக்கிறாய்.

எங்கள் அசலில் இருப்பதும் முள்ளெழுத்து வகைதான். அந்த மாதிரி எழுத்துகள் சந்தையில் நூறு கிடைக்கின்றன. பழைய செய்தித்தாள்களின் பெயரில், பட்டங்களில், மது புட்டிகளின் லேபிளில் எங்கும் பார்க்கலாம். பெருமையான தோற்றம் வேண்டும் என்பவர்கள் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். எங்கள் மாதிரியில் 'சி'க்கு இரண்டு முள், நீயே அரிவாள் என்பாயே, அந்த எழுத்துக்கு. வந்திருக்கும் சான்றிதழில் மூன்று. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுவே போதும். போலி செய்தவன் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற எழுத்தைத் தேடியிருக்கிறான், உன் கடையில் கிடைத்திருக்கிறது.

நீ செய்யவில்லை என்றால் அத்தான் செய்திருக்கலாம். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. யாராவது வந்து அழுதால் செய்து கொடுத்துவிடுவார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் யார் யாருக்குச் சான்றிதழ் அடித்தீர்கள் என்ற விவரம் எனக்கு வேண்டும். அத்தானிடம் தனியாகக் கேள். நான் கேட்டதாகச் சொல்லாதே.

அந்தப் பெண்ணிடம் பேசினாயா என்று நீ கேட்பாய். விசாரணை நடக்கும்போது அவரிடம் பேச எனக்கு அதிகாரம் இல்லை.

பென்டிரைவ் பற்றி எனக்கு ஞாபகம் இல்லை.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

ஞாபகம் இல்லையா? நல்லது. அந்த வரியை மட்டும் தனியாக ஒரு லேமினேட் போட்டிருக்கிறேன்.

அத்தானைத் தனியாகக் கேட்கச் சொன்னாய். சட்டம் அடிக்கிற ஆணியை வாயில் கவ்விக்கொண்டிருந்தார், அதுதான் சமயம் என்று கேட்டேன்.

"ஏங்க, அஞ்சு வருஷம் முன்னாடி யாருக்காவது திருட்டுச் சான்றிதழ் அடிச்சுக் குடுத்தீங்களா?"

ஆணி நாலும் தரையில் விழுந்தது. "நானா? எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் எங்க அமுக்கினா உயிர் வரும்னே தெரியாதே! நீ உள்ளே போனா தையல் மிஷினுக்குத் துணி போர்த்துற மாதிரி போர்த்திட்டுத்தான வருவ?"

"சந்தேகம்னு வந்துட்டா கேட்டுத்தானே ஆகணும்."

"உன் தம்பி கேக்கச் சொன்னானா?"

"சேச்சே."

சிரித்துவிட்டு ஆணியைப் பொறுக்கினார். அன்றைக்கு முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. இது நீ அனுப்பிய பார்சல், தம்பி. உன் சந்தேகத்தை என் வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்டதாகச் சொல்லாதே என்கிறாய்.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் இனிச் சொல்லப்போவது சிரிப்பு இல்லை, கேள்.

எனக்கு உங்கள் அசலைப் பார்க்க வேண்டும். நீ காட்ட மாட்டாய். உங்கள் மையத்தில் படித்தவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா? அதனால் கடை வாசலில் ஒரு பலகை வைத்தேன்: "உங்கள் பயிற்சி மையச் சான்றிதழுக்குச் சட்டமும் கண்ணாடியும் இந்த மாதம் பாதி விலை." பலகையின் மேலே உங்கள் மையத்தின் பெயரை இங்கிலீஷில் அத்தான்தான் எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், வியாபாரம் என்றேன். சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லோரும் அதைத் தகர டப்பாவில் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ரகசியம். பாதி விலை என்றால் டப்பா திறக்கும்.

நேற்று முதல் ஆள் வந்தார். எக்ஸ்ரே எடுக்கிறவர், மூன்று வருஷத்துக்கு முந்தைய சான்றிதழ். கண்ணாடி மேசையில் விரித்தேன். உங்கள் அசல் தலைப்பை முதல் தடவையாகப் பார்த்தேன்.

சந்தையில் நூறு கிடைக்கும் என்றாயே. நூறிலும் ஒரு 'டி'யின் அடிக்காலில் தூரிகை முடி பிளந்த கோடு இருக்குமா? 'எஃப்' கொஞ்சம் கூன் விழுந்து நிற்குமா? அது கூன் விழுந்தது அன்றைக்கு எனக்கு முதுகு வலித்ததால்! அரிவாளில் இரண்டு முள்தான், உண்மை. ஆனால் மூன்றாவது இருந்த இடத்தில் மரு எடுத்த தழும்பு மாதிரி ஒரு மழமழப்பு. யாரோ சீவியிருக்கிறார்கள்.

சீவியவன் கையும் எனக்குத் தெரியும். அவன் சின்ன வயதில் பென்சில் சீவினாலும் இப்படித்தான், தேவைக்கு மேல் கொஞ்சம் சீவுவான்.

என் எழுத்து உன் அலுவலகத்தில் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறது, தம்பி? நானும்தான் கேள்விப்படட்டுமே.

அக்கா

*

மார்ச் 18

அக்கா,

சரி. எடுத்துப்போனேன். நீலக் கயிறு.

இங்கே சேர்ந்தபோது நான் வெறும் எழுத்தர். சான்றிதழுக்குக் கம்பீரமான தலைப்பு வேண்டும், கடையில் கிடைக்கிற எழுத்து வேண்டாம் என்றார் முதல்வர். என்னிடம் இருந்ததைக் காட்டினேன். யார் வரைந்தது என்றார். நான் என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை அப்புறம் திரும்ப எடுக்க முடியவில்லை. ஆண்டறிக்கையில் என் பெயர் வந்தது. இந்தப் பொறுப்பும் அதனால்தான் கிடைத்தது.

உன்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவளிடம் கைநீட்டி எதையும் வாங்கக் கூடாது என்றிருந்தேன். கேட்காமல் எடுப்பது அதைவிடக் கேவலம் என்று நீ சொல்வாய். நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் விஷயம் அதுவல்ல. மூன்றாவது முள்ளைச் சீவியது நான். எங்கள் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் இரண்டுதான். சீவாத எழுத்து உன் கடையில் மட்டுமே இருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்திருக்கும்? நீயே சொல்.

உனக்காக ஒன்று செய்கிறேன். 'எங்கே தயாரிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிவிடுகிறேன். அதற்குப் பதில் உன் கம்ப்யூட்டரில் உள்ள அந்தக் கோப்பையும் சார்ட்டுத் தாள்களையும் அழித்துவிடு. நாளை யாராவது தேடி வந்தால் உன்னிடம் எதுவும் இருக்கக் கூடாது. பலகையையும் எடுத்துவிடு, அது கண்ணை உறுத்தும்.

அந்தப் பெண்ணின் பாடு அவரோடு. அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை.

தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு,

பலகையை எடுக்கவில்லை. கோப்பை அழிக்கவில்லை. தாள்களைப் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி எங்கே என்று அத்தானுக்கே தெரியாது.

"உனக்காக" என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சின்ன வயதில் என் பங்கு மிட்டாயை நீ தின்றதெல்லாம் எனக்காகத்தானே, பல் சொத்தையாகிவிடும் என்று!

எட்டு நாளில் ஏழு சான்றிதழ் வந்தன. ஏழையும் தேதி பார்த்து மேசையில் வரிசையாக வைத்தேன். எண் எனக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். பிந்திய வருஷத்தவை நாலு, நாலிலும் அரிவாளுக்கு இரண்டு முள். அந்த ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தவை மூன்று. மூன்றிலும் மூன்று முள்.

மூன்று பேரும் மூன்று தெருவில் இருக்கிறார்கள், ஒருவர் இந்த ஊருக்குக் குடிவந்தே நாலு வருஷம்தான் ஆகிறது என்கிறார். எல்லோரும் என் கடையில் திருட்டுத்தனமாக அடித்துக்கொண்டார்கள் என்று சொல்வாயோ என்று பயந்து, அதில் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏம்மா, இது தடவினா லேசா ஒட்டுதே, பிரஸ்ல அடிச்சதா?"

"இல்லக்கா, விழா அன்னிக்கு பிரஸ்ல இருந்து வரவே இல்ல. ஆபீஸ்லயே மிஷின்ல அடிச்சு சுடச்சுட குடுத்தாங்க. என் புடவையில மை ஒட்டிக்கிச்சுன்னா பாருங்க."

"யாரும்மா அடிச்சது?"

"அந்த ஆபீஸ் சார்தான். பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார். நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்! இதைக் கேட்க நீ பக்கத்தில் இல்லாமல் போனாயே.

அவளே இன்னொன்றும் சட்டம் போடக் கொண்டுவந்திருந்தாள். விழாவில் படிக்கட்டில் நின்று எடுத்த படம். முப்பத்தெட்டு பேர், எல்லோர் நெஞ்சிலும் சான்றிதழ். அத்தானின் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தலைப்பு பெரிதாக, தடிப்பாக இருப்பதால் படத்திலும் தெரிகிறது. இதற்குத்தான் சொன்னேன், அந்த எழுத்து பெரிதாக நிற்க வேண்டும் என்று. விரல் மறைக்காத இருபத்தாறில் மூன்று முள்ளை எண்ணிவிட்டேன்.

படத்தின் ஓரத்தில் காலித் தட்டோடு ஒருவன் நிற்கிறான். நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் எடுத்துக் கொடுத்த துணி, காலர் மட்டும் தையல்காரர் கெடுத்தது. அந்தத் தட்டில் இருந்துதான் முப்பத்தெட்டும் போயிருக்கின்றன. நீ முள்ளைச் சீவியது அதற்கு அப்புறம்தான்.

ஆக, அந்தப் பெண் வைத்திருப்பது அசல். உன் கையால் அடித்து, உன் தட்டில் இருந்து போனது.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். இது உனக்கு மறந்துபோயிருந்தால் பரவாயில்லை, மனுஷனுக்கு மறதி உண்டு. ஆனால் என் கோப்பை அழிக்கச் சொன்னாயே, அதுதான் இடிக்கிறது. சீவாத எழுத்து இருக்கிற ஒரே இடம் அது. அது போய்விட்டால், அந்தப் பெண்ணின் சான்றிதழில் இருப்பதும் உங்கள் அசலில் இருப்பதும் ஒரே எழுத்துதான் என்று யாராலும் காட்ட முடியாது. யாரைக் காப்பாற்ற அழிக்கச் சொன்னாய்?

படத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பேனாவை எடு.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவது. கண்ணை மூடியிருக்கிறார்.

முதல் கடிதம் எழுதும்போது எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. நம்பினால் நம்பு. உன்மேல் இருந்த கோபத்தில் உன் எழுத்தைப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. "உங்கள் அசலில் என்ன எழுத்து" என்று நீ கேட்டாய், பார், அந்த வரியில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. விழா நாள், மிஷின் சூடு, கையில் ஒட்டிய மை. மறுநாள் முதல்வர் அந்தச் 'சி'யைப் பார்த்து, "என்னய்யா, கடிக்க வர்ற மாதிரி இருக்கு, கொஞ்சம் சீவு" என்றது.

அதனால் மார்ச் 11 அன்று உனக்கு எழுதும்போது எனக்குத் தெரியும். அத்தான்மேல் பழி போட்டபோதும் தெரியும். முதல் தொகுதியை நான்தான் அடித்தேன் என்றால், சீவாத எழுத்து எப்படி வந்தது, யார் வரைந்தது என்று ஒவ்வொன்றாக இழுபடும். அதற்குப் பயந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 9-ஆம் தேதி அந்தப் பெண் இங்கே வந்தார். நடையில் என்னை நிறுத்தினார்.

"சார், இது நீங்கதானே என் கையில குடுத்தீங்க? சூடா இருக்கு, ஓரத்தைப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னீங்களே?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தத் தாளை மடிக்காமல் பைக்குள் வைக்கப் பார்த்தார், பை சின்னது. மடிக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவரிடம் பேச அதிகாரம் இல்லை என்று உனக்கு எழுதியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

இன்று அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். சான்றிதழ் உண்மையானது, அடித்தவன் நான், எழுத்து என்னுடையது அல்ல, என் அக்காவுடையது என்று எழுதியிருக்கிறேன். படத்தையும் வைத்தேன். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பிரிவிலிருந்து மாற்றுவார்கள் என்று தெரிகிறது. வீட்டில் என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப உங்க அக்கா குடுத்த சான்றிதழ் சரியானதுதான்" என்றாள்.

எத்தனையோ தடவை கேட்டும் நீ சொன்னதில்லை. அந்த மூன்றாவது முள் எதற்கு?

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

உன் பெண்டாட்டியை எனக்கு அன்றைக்கே பிடித்தது. அவளிடம் சொல்.

நீ எழுதியதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. மூன்று கடிதம் பொய்யாக எழுதியவன் நாலாவதில் உத்தமனாகிவிட்டான் என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது? அவளோடு படித்த மூன்று பேர் என் வாடிக்கை. எந்த மருத்துவமனை என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ரத்தம் கொடுக்கப் போனேன்.

அவளேதான் வந்தாள். படத்தில் கண்ணை மூடியிருந்தாலும் அந்த நெற்றி தெரிந்தது.

"பயப்படாதீங்கம்மா, சின்ன முள்ளு குத்துற மாதிரி இருக்கும்."

"எனக்கு முள்ளு பழக்கம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வேலை நிரந்தரமாமே என்று பேச்சை இழுத்தேன். "நடுவுல ஒரு சந்தேகம் வந்துச்சு, இப்ப சரியாயிடுச்சும்மா" என்றாள். யார்மேல் சந்தேகம் என்று சொல்லவில்லை. நானும் யார் அக்கா என்று சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். அதையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் உன் குழாய்ப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு வரி கடிதம்கூட இல்லை, புது மாதிரிச் சான்றிதழ் மட்டும். உன்னைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று எக்ஸ்ரேக்காரர் சொன்னார். அங்கிருந்து இதை எப்படிக் கிளப்பினாய் என்று கேட்க மாட்டேன்.

அடியில் பொடியாக ஒரு வரி இருக்கிறது. அதையும் முள்ளெழுத்தில் போட்டிருக்கிறாய். இந்த எழுத்தை இத்தனை சின்னதாகப் போடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது. அத்தான் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எழுத்து வரைந்தவர்னு போட்டு உன் பேர்தான் இருக்கு" என்றார். நல்ல செய்தியாக இருந்தால் அவர் இல்லாததையும் படிப்பார். அதனால் நானே பார்த்தேன்.

பேங்க் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்தப் பெரிய எழுத்துக்கு எந்தச் சின்ன எழுத்து என்று எனக்குத் தெரியும், இரண்டையும் வரைந்தவள் நான்தானே. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பொருத்தினேன். கடைசி எழுத்து வரை வந்துவிட்டது. எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று ஊருக்கே தெரியும். நான் இங்கிலீஷில் படித்த முதல் சொல் இதுதான்.

மூன்றாவது முள் எதற்கு என்று கேட்டாயே. என் பெயர் அந்த அரிவாளில்தான் ஆரம்பிக்கிறது. மற்ற இருபத்தைந்தும் ஊராருக்கு வரைந்தேன். அது ஒன்றை மட்டும் எனக்கு வரைந்தேன். ஒரு முள் கூட வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று வைத்தேன். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை. சிரிக்க வைப்பது என் வேலை, என்னைப் பார்த்து யாரும் சிரிப்பது எனக்கும் பிடிக்காது. உன் கல்யாணத்தில் அது எனக்குத் தோன்றியிருக்கலாம்.

பேங்க் புத்தகத்தை மூடிவிட்டு, பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தேன். நீ சீவுகிற கை, உன்னை நம்ப முடியாது. தலைப்பிலும் பார்த்தேன், அடியில் என் பெயரிலும் பார்த்தேன்.

எண்ணிவிட்டேன். இரண்டு இடத்திலும் மூன்று.

அக்கா